ரோபோவுக்கு நான் ஒட்டிய மீசை

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்தவர்களை உட்கார வைப்பது, உட்கார்ந்தவர்களை நிற்க வைப்பது, நின்றவர்களை நடக்க வைப்பது என் வேலை. எட்டு வருடமாகச் செய்கிறேன், ஓரளவு நன்றாகவே செய்கிறேன் என்றுதான் நினைப்பு. ஆனால் பாபநாசம் பக்கம் ஒரு ஊரில் என்னை யாரும் அதற்காக நினைவில் வைத்திருக்கவில்லை. எழுபது வயது மனிதர் ஒருவரை வீட்டு ஹாலில் நிற்க வைத்து விசாரணை நடத்தியவள் என்றுதான் வைத்திருக்கிறார்கள். அது பொய் என்று அடித்துச் சொல்ல எனக்கும் வாய் வருவதில்லை.

நடந்தது ஏழு வருடங்களுக்கு முன். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தச் சமயத்தில்தான் பெங்களூரு கம்பெனி ஒன்று எங்கள் டாக்டர் மேடத்தைப் பிடித்து, நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ரோபோவை இரண்டு வாரம் சோதனைக்குக் கொடுத்தது. அதை ஒரு நோயாளியின் வீட்டில் வைத்துப் பழக்க வேண்டும். கடைசி நாளன்று மேடமும் கம்பெனி முதலாளியும் நேரில் வந்து பார்ப்பார்கள். 'இதைச் செஞ்சு முடி ஷீபா, உன் ஆர்டரைப் பத்திப் பேசலாம்' என்றார் மேடம். ஷீபா என்பது நான்.

ரோபோவின் பெயர் சிட்டு. என் இடுப்பு உயரம். வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, பூசணிக்காய் போல உருண்டைத் தலை, அதில் இரண்டு பெரிய கண்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் குரல். கையைத் தூக்கிக் காட்டி, 'இதுபோலச் செய்யுங்கள்' என்று பாடப்புத்தகத் தமிழில் சொல்லும். செய்தால், 'மிக நன்று' என்று பாராட்டும். செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்று கேட்கும். அந்தக் குரலில் அது கேட்பதைப் பார்த்தால் தூக்கி வைத்துக் கொஞ்சத் தோன்றும். (எனக்குத் தோன்றியது. என் கருத்தை யாரும் கேட்கவில்லை.)

அதை நான் கொண்டுபோன வீடு கலியபெருமாள் ஐயாவுடையது. ஓய்வு பெற்ற லஸ்கர். ஆற்று மதகைத் திறந்து மூடி வாய்க்கால்களுக்குத் தண்ணீர் பிரித்து விடுகிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஐந்து மாதத்துக்கு முன் வலது கையும் காலும் இழுத்துக்கொண்டுவிட்டன. இரண்டு பேர் பிடித்தால் நிற்பார். தனியாக நின்றதே இல்லை.

அவர் மனைவி சரோஜா அம்மாவுக்கு சிட்டுவைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. கண்பட்டுவிடும் என்று கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்தார். காபி குடிக்குமா என்று கேட்டார். ஐயா அதைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"வணக்கம் தாத்தா. கையை மேலே தூக்கலாமா?" என்றது சிட்டு.

"உள்ள போயி வெளாடு தம்பி" என்றார் ஐயா.

அவ்வளவுதான். அடுத்த இரண்டு வாரமும் அவர் கையைத் தூக்கவில்லை. நான் கெஞ்சியும் பார்த்தேன். "முப்பத்தஞ்சு வருசம் ஆத்துத் தண்ணிய அடக்குனவன்மா நானு. இந்தப் பால்குடி சொல்லி நான் கைய தூக்கணுமா?" என்றார். சிட்டுவின் கணக்கில் தினமும் பூஜ்யம் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள கம்பெனி அனுப்பியிருந்த இன்ஜினியர் விக்னேஷ், அந்தப் பூஜ்யங்களை நான்தான் போட்டது போல என்னைப் பார்ப்பார்.

எனக்கு ராத்தூக்கம் போனது. ரோபோ வருவதற்கு முன் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். தோற்றத்தை வைத்துத்தான் மனிதர்கள் ரோபோவிடம் எப்படிப் பழகுவது என்று முடிவு செய்கிறார்கள் என்று அதில் சொன்னது ஞாபகம் வந்தது. பிள்ளை போல இருந்தால் பிள்ளையாக நினைப்பார்கள். அப்படியானால் பெரிய மனிதர் போல இருந்தால்? இருபத்து நான்கு வயதில் இப்படி ஒரு யோசனை வந்தால், உலகத்தில் வேறு யாருக்கும் வராதது நமக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். மறுநாளே சரோஜா அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, ஐயா யார் சொன்னா கேப்பாங்க?"

"அவரா? என் பேச்சையே கேக்க மாட்டாரு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "ஒரே ஒருத்தருக்குத்தான் பயப்படுவாரு. இவரு வேலைல இருந்தப்ப தஞ்சாவூர்ல இவருக்கு மேல ஒரு இன்ஜினியர் இருந்தாரு. நான் பாத்ததில்ல. இவருதான் சொல்லுவாரு, மீசைய பாத்தாலே வயித்தக் கலக்கும்னு. ஜீப்பு சத்தம் கேட்டா சாப்புட்ற கையோட எழுந்து சட்டை பட்டனப் போட்டுக்குவாரு."

எனக்கு இது போதாதா.

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் நாடகம் போடும்போது ஏரோது ராஜாவுக்கு ஒட்டும் மீசை ஒன்று உண்டு. என் தம்பிதான் அந்த வருட ஏரோது என்பதால் அது எங்கள் வீட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். பாபநாசம் கடைத்தெருவில் பத்து வயதுப் பையன் அளவுக்கு வெள்ளை அரைக்கைச் சட்டை ஒன்று வாங்கினேன். பையில் செருக ஒரு பேனா. கடைசியாக விக்னேஷிடம் குரலை மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"முடியும்ங்க. ஆனா இதெல்லாம் டெஸ்ட் பண்ணாம..."

"நாளைக்கு முதலாளி வராரு. பூஜ்யத்தையா காட்டப் போறீங்க?"

அவர் மடிக்கணினியைத் திறந்தார். 'ஆண், நடுத்தர வயது' என்று ஒன்று இருந்தது. மற்றபடி சிட்டு பேசும் வசனங்களை நாங்கள் தொடவில்லை. 'தாத்தா' என்பதை மட்டும் எடுத்தோம். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். வசனங்களை ஒரு முறை வாசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். மேடம், பெங்களூரு முதலாளி, அவருடைய கேமரா. முதலாளிக்குத் தமிழ் தெரியாது. எதைப் பார்த்தாலும் சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இவர்களோடு நான் எதிர்பார்க்காத ஒருவரும் இருந்தார். சரோஜா அம்மாவின் தம்பி கோவிந்தராசு. உரம் வாங்க பாபநாசம் வந்தவர், அக்கா வீட்டில் கார் நிற்பதைப் பார்த்துவிட்டு வாழைத்தாரோடு உள்ளே வந்து, சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை பார்க்க ஒரு ஆள் கூடுதலாக இருந்தால் நல்லதுதான் என்று நினைத்தேன்.

ஐயா ஹால் நடுவில் நாற்காலியில் இருந்தார். உள்ளறையிலிருந்து சிட்டுவைத் துண்டு போட்டு மூடி உருட்டிக்கொண்டு வந்தேன். அவருக்கு நேர் எதிரே, மேசைமேல் ஏற்றி நிறுத்தி, துண்டை எடுத்தேன்.

மேடம் மீசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் வேலை நிரந்தரம் பற்றி எதுவும் தென்படவில்லை. விக்னேஷ் தன் போனில் பொத்தானை அழுத்தினார்.

"வணக்கம், கலியபெருமாள்" என்றது சிட்டு.

அந்தக் குரலைக் கேட்டு எனக்கே முதுகு நிமிர்ந்தது. ஐயாவின் இடது கை மெல்ல மேலே போனது. சட்டையின் மேல் பட்டனைத் தேடியது. தடவித் தடவிப் போட்டது. பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தது.

அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிவதற்குள் எழுந்து நின்றுவிட்டார்.

படிக்கிறவர்களுக்கு இது நல்ல செய்தியாகத் தெரியலாம். அந்த இடத்தில் நின்ற எனக்கு அப்படித் தெரியவில்லை. ஐந்து மாதமாகப் பலம் இல்லாத கால். முழங்கால் எந்த நொடியும் மடங்கலாம். பிடித்திருந்தது லேசான பிளாஸ்டிக் நாற்காலி, சாய்ந்தால் அதுவும் சேர்ந்து சாயும். கீழே மொசைக் தரை. நான் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன். ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்றால், திடுக்கிட்டுத் திரும்பினாலே விழுவார். வலது கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவும். ஓசைப்படாமல் ஒவ்வொரு அடியாக மேசையைச் சுற்றி வர ஆரம்பித்தேன்.

அப்போது சிட்டு தன் கணக்கைப் பார்த்தது. இரண்டு வாரப் பூஜ்யங்கள்.

"நீங்கள் செய்யவில்லை" என்றது. "ஏன் செய்யவில்லை என்று சொல்லுங்கள்."

ஐயா மீசையைப் பார்த்தார். "ஐயா" என்றார். அப்புறம் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"எனக்குக் கேட்கவில்லை. சற்று உரக்கச் சொல்லுங்கள்."

"ஐயா, அன்னிக்கு நான் மதகுல இல்லிங்கய்யா."

என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. சரோஜா அம்மாவுக்கும் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. சுவரோரம் மட்டும் நாற்காலி ஒரு முறை கிறீச்சிட்டது.

"புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

சிட்டு எல்லாரிடமும் இதைத்தான் சொல்லும். கையைத் தூக்குவது, கால் வலிக்கிறது என்பது போன்ற பத்து இருபது விஷயங்களைத் தவிர வேறு எதைச் சொன்னாலும் அதற்குப் புரியாது. இது எனக்குத் தெரியும், விக்னேஷுக்குத் தெரியும். ஐயாவுக்கு எப்படித் தெரியும்? மீசை வைத்த அதிகாரி மூன்றாவது முறை கேட்கிறார்.

"கடைமடைக்கு அன்னிக்கு ஒரு நாள்தான் முறைத் தண்ணி. காலைல ஷட்டரத் தூக்கணும்னு நீங்க எழுதியே குடுத்தீங்க. நான் தூக்கலிங்கய்யா. சாவிய இடுப்புல சொருவிக்கிட்டு கும்மோணத்துக்கு படம் பாக்கப் போயிட்டேன்." மூச்சு வாங்கியது. வலது முழங்கால் லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. "மேட்னி பாத்தேன். சரியா வெளங்கல. அதனால அடுத்த ஆட்டமும் பாத்தேன். அப்புறம் பஸ் இல்ல. தாராசுரத்துல சித்தப்பா வீட்டுல படுத்துட்டேன். விடிஞ்சு வந்தா முறை முடிஞ்சிபோச்சு."

நான் இன்னும் இரண்டு அடி தூரத்தில் இருந்தேன். விக்னேஷைப் பார்த்து, 'அணை' என்று வாயசைத்தேன். அவர் தன் போனைக் காட்டினார், இப்போது சிக்னல் இல்லை. சிட்டுவின் முதுகில் அணைக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதன் மேல்தான் நான் சட்டையைப் போட்டு, பின்பக்கம் தொங்காமல் இருக்க நான்கு ஊக்கு குத்தியிருந்தேன். விக்னேஷ் பாய்ந்து முதல் ஊக்கைக் கழற்றத் தொடங்கினார். முதலாளி இரண்டு கட்டை விரலையும் உயர்த்திக் காட்டிவிட்டு கேமராவை இன்னும் கிட்டே கொண்டு போனார். நோயாளி நிற்கிறார், பேசுகிறார், அவருக்கு வேறு என்ன வேண்டும்?

"மச்சான்கிட்ட மட்டும்," என்று ஐயா தொடர்ந்தார், "நீங்கதான் தொறக்க வேணாம்னு உத்தரவு போட்டதா சொல்லிட்டேன். அது தப்புங்கய்யா. பால் பிடிக்கிற கதிரு. மூணு மா சம்பாவும் பதராப் போச்சு."

நாற்காலி மறுபடியும் கிறீச்சிட்டது. கோவிந்தராசு எழுந்துவிட்டார்.

எனக்கு அப்போதுதான் முழுதும் புரிந்தது. அந்த மூன்று மா, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் வயல், அவருடையது. பின்னால் சரோஜா அம்மா சொல்லித்தான் மீதியும் தெரியும். அதற்கு இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கோவிந்தராசு நேராகத் தஞ்சாவூருக்குப் போய், அந்த இன்ஜினியரின் ஆபீஸ் முன்னால் நின்று, மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருக்கிறார். அன்றுவரை யார் வீட்டு விசேஷமானாலும் சாப்பிட்டுக் கை கழுவியதும் அந்த இன்ஜினியரை ஒரு முறை சபித்துவிட்டுத்தான் வெற்றிலை போடுவார். பக்கத்தில் உட்கார்ந்து, 'ஆமாப்பா, கொடுமக்காரரு' என்று ஒத்து ஊதியவர் கலியபெருமாள் ஐயா.

"அத்தான்" என்றார் கோவிந்தராசு. சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அப்ப அந்த ஆளு ஷட்டரத் தொறக்க வேணாம்னு சொல்லலியா?"

ஐயா சத்தம் வந்த பக்கம் திரும்பினார். உடம்பின் பாரம் முழுதும் வலது காலுக்கு மாறியது. முழங்கால் மடங்கியது. நாற்காலி வழுக்கிக்கொண்டு போனது. நான் பாய்ந்தேன், இடம் போதவில்லை.

பிடித்தவர் கோவிந்தராசு. இரண்டு எட்டில் வந்து, அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, மார்போடு சேர்த்து அணைத்துப் பிடித்துவிட்டார். நான் ஒரு வருடம் படித்துக் கற்றுக்கொண்ட பிடி அது. நெல் மூட்டை தூக்கியவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை போலிருக்கிறது.

பிடித்தார். ஆனால் விட முடியவில்லை. விட்டால் ஐயா விழுந்துவிடுவார். ஆகவே இருவர் முகமும் ஒரு சாண் இடைவெளியில் இருக்க, கட்டிப்பிடித்தபடியே கோவிந்தராசு பேச ஆரம்பித்தார்.

"படமா? படம் பாக்கப் போனீங்க? என் பொண்டாட்டி அந்த வருசம் பொங்கலுக்குப் பழைய சேலய கட்டுனா. நான் ஒரு நல்ல மனுசன் மேல மண்ணத் தூத்துனேன். நீங்க பக்கத்துல உக்காந்து பாத்தீங்க. அப்படியே நில்லுங்க. கால ஊனுங்க. அந்தக் கால ஊனுங்கன்னா ஊனணும்."

ஐயா ஊன்றினார். நான் வந்து பின்னால் இடுப்பைப் பிடித்தேன். சரோஜா அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். மெல்ல உட்கார வைத்தோம். ஐயாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "சொல்லணும்னுதான் மாப்ள இருந்தேன்" என்றார். "ஒவ்வொரு தடவையும் நீ வெத்தலய போட்டுட்டு போயிடுற."

கோவிந்தராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். வாழைத்தாரைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றார். வைத்துவிட்டே போனார்.

அப்போது சிட்டு, "மிக நன்று" என்றது. அதே நொடியில் விக்னேஷ் நான்காவது ஊக்கைக் கழற்றினார்.

ரத்த அழுத்தம் பார்த்தோம், ஏறியிருந்தது. மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தோம். சாயங்காலம்வரை நான் அந்தக் கட்டிலைவிட்டு நகரவில்லை. ஐயாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பில் மணிக்கொரு முறை அழுத்தம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் மேடம் அறைக்குக் கூப்பிட்டார்.

"பேஷண்ட்ட நிக்க வைக்கறதுதான் உன் வேலை. கூண்டுல நிக்க வைக்கறது இல்ல" என்றார். என் நிரந்தர உத்தரவு ஒரு வருடம் தள்ளிப்போனது. சிட்டு பெங்களூருக்குத் திரும்பிப் போனது.

கலியபெருமாள் ஐயா மட்டும் அடுத்த வாரம் என்னைப் பார்த்ததும், கேட்காமலே இடது கையால் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "நீ என்ன சொன்னாலும் செய்றேம்மா. அவர மட்டும் கூட்டியாராத" என்றார்.

"ஐயா, அது பொம்மைதானே" என்றேன்.

"பொம்மன்னு தெரியும்மா" என்றார். "தெரிஞ்சா மட்டும் பயம் போயிடுமா?"

இரண்டு மாதம் கோவிந்தராசு அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. சரோஜா அம்மா தினமும் என்னிடம் அதைச் சொல்லி அழுவார். ஒவ்வொரு முறையும் நான் கூனிக் குறுகுவேன். பிறகு ஒருநாள் மருத்துவமனை வாசலில் கோவிந்தராசு நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பை புது அரிசி.

"அந்த இன்ஜினியரு வீட்டக் கண்டுபிடிச்சிட்டேன். மன்னிப்பு கேக்கணும். தனியா போவ கூச்சமா இருக்கு. நீதானம்மா இத ஆரம்பிச்ச, நீயும் வா."

தட்ட முடியவில்லை. தஞ்சாவூரிலேயே ஒரு சின்னத் தெரு. கதவைத் திறந்தவர் ஒல்லியாக, குள்ளமாக, கைலி கட்டி, மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு இருந்தார். சார் இருக்காங்களா என்று அவரிடமே கேட்டோம். கோவிந்தராசு தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மண்ணு ஞாபகம் இருக்குங்க" என்றார். "ஜன்னல் வழியா வந்து என் தயிர் சாதத்துல விழுந்திச்சு. யாரு, எதுக்குன்னுதான் இத்தன வருசமாத் தெரியல. உக்காருங்க, காபி சாப்புடலாம்."

காபி குடிக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. "சார், மீசையை எப்ப எடுத்தீங்க?"

"மீசையா? நான் வச்சதே இல்லியேம்மா. எனக்கு எடுபடாது."

திரும்பி வந்து இதை ஐயாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "வீட்டுல இல்லாம இருந்திருக்கும்" என்றார். "மதகுகிட்ட வரப்பல்லாம் இருந்துச்சு."

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராசு அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கை கழுவிய பிறகு சபிக்க ஆள் இல்லாமல் திண்டாடினார் என்று சரோஜா அம்மா சொன்னார். இப்போது ஐயா கோலூன்றி வாய்க்கால்வரை நடந்து போய் வருகிறார். அந்த வீட்டில் யாராவது சாக்குப்போக்குச் சொன்னால், 'ஷீபாவுக்குப் போன் போடவா?' என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. மருமகள் கேட்கிறார், பேரன் பேத்திகள் கேட்கிறார்கள், கோவிந்தராசு மட்டும் கொஞ்சம் அடிக்கடியே கேட்கிறாராம்.

போன மாதம் அவர்கள் வீட்டுக் கல்யாணம். பந்தி நடக்கும்போது உள்ளே போனேன். யாரோ, "இதான் அந்த ஷீபா" என்று சொன்னது காதில் விழுந்தது. வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், எனக்கு முன்பின் தெரியாதவர், சாம்பார் சாதத்தில் வைத்த கையோடு எழுந்து நின்றுவிட்டார். என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"ஐயா, உக்காருங்க" என்றேன் அவசரமாக. "நான் சாப்புடத்தான் வந்தேன்."